கிளித்தட்டிலிருந்து தரையேணி வரை: கல்முனைக் கரையில் வேகம் பயின்ற கதை

கல்முனை நகரிலிருந்து மேற்கே வயல்வெளியை நோக்கிச் சிறிது தூரம் சென்றால் நற்பிட்டிமுனை வந்துவிடும். முஸ்லிம்களும் தமிழரும் வேலிக்கு வேலி அடுத்து வாழும் பழைய ஊர். அல்-அக்ஸா மகா வித்தியாலயமும் சிவசக்தி மகா வித்தியாலயமும் அவ்வூரின் இரு பாடசாலைகள். வடகிழக்கே மருதமுனையின் தறிச் சத்தம். தெற்கே கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கடலோரமாக ஊர்கள் இடைவெளியின்றி நீளுகின்றன. இக்கரையோரத்தின் அரசியலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் நெசவைப் பற்றியும் எழுதப்பட்டவை அனேகம். இங்குள்ள பிள்ளைகள் எவ்வாறு ஓடினார்கள், ஓடுவதற்கு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் எவர் என்பதை மட்டும் யாரும் வரிசைப்படுத்தி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கம் வெற்றிபெற்றவரின் பெயரோடு முடிந்துவிடும் இயல்புடையது. பயிற்சியின் வரலாறு அப்பக்கத்தில் ஏறுவதில்லை.

அண்மைக் காலத்தில் நாட்டின் பல பாகங்களிலும், பாடசாலை மைதானங்களில் மாலை வேளையில் சிவப்பும் மஞ்சளுமான நெகிழிக் கூம்புகள் நடப்படுகின்றன. துணிப்பட்டையாற் செய்த ஏணியொன்று தரையில் விரிக்கப்படுகின்றது. பத்து வயதுப் பிள்ளைகள் அதன் கட்டங்களுக்குள் ஒவ்வொரு காலாக வைத்து எடுத்து விரைகின்றனர். கைத்தொலைபேசிக் காணொளிகளில் வெளிநாட்டு உதைபந்தாட்டக் கழகங்களின் சிறுவர்கள் செய்வதைப் பார்த்து வந்த வழக்கம் இது. 'வேகமும் லாவகமும்' என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். பெற்றோரும் பெருமைப்படுகின்றனர். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் இப்பயிற்சியின் முன்கதையைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், விலைகொடுத்து வாங்கிய பொருள் எது, விலையின்றி நம் முற்றத்திலே கிடந்த பொருள் எது என்பது தெளிவாகும்.

முற்றத்தில் கிடந்த பொருள் கிளித்தட்டு. ஈழத்துத் தமிழ்பேசும் மக்களிடையே வடக்கிலும் கிழக்கிலும் சாதி, மத வேறுபாடின்றி ஆடப்பட்ட ஆட்டம் அது. இன்றைய பிள்ளைகளிற் பலர் பெயரை மட்டுமே அறிவார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். நிலத்திலே நீள்சதுரமாகக் கோடு கீறி, நடுவே நெடுங்கோடு ஒன்றும் குறுக்கே பல கோடுகளும் இடுவார்கள். இருபுறமும் சமமான கட்டங்கள் அமையும். காக்கும் அணியின் தலைவர் 'கிளி'. அவர் எல்லைக் கோட்டிலும் நடுக்கோட்டிலும் ஓடலாம். ஏனையோர் ஆளுக்கொரு குறுக்குக்கோட்டில் நின்று, அக்கோட்டின் வழியே மட்டும் இடமும் வலமுமாக நகர்ந்து மறிப்பார்கள். கிளி கைதட்டியதும் எதிரணியினர் உட்புகுந்து, மறிப்பவரின் கைபடாமல் ஒவ்வொரு கோடாகக் கடந்து அந்தம் வரை சென்று, மீண்டும் திரும்பி வரவேண்டும்.

இதிலே நேரோட்டம் மிகக் குறைவு. இரண்டடி பாய்தல், சட்டென நிற்றல், உடலை ஒருபுறம் சாய்த்து மறுபுறம் கழலுதல், எதிரியின் தோள் எப்பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்துக் கணத்திலே முடிவெடுத்தல் ஆகியவையே ஆட்டம். காக்கும் பிள்ளைக்கும் அதே பாடந்தான். எதிரில் நிற்பவன் இடப்புறம் பாய்வது போலக் காட்டுவது மெய்யா பொய்யா என்று அவனுடைய இடுப்பைப் பார்த்து அறியவேண்டும். நிலாக் காலத்தில், பெருமணல் முற்றங்களில், சித்திரைப் புத்தாண்டிலும் பெருநாள் விடுமுறையிலும் இவ்வாட்டம் மணிக்கணக்காக நடந்தது. யாரும் இதைப் பயிற்சி என்று சொன்னதில்லை. மராட்டியத்திலே இதற்கு மிக நெருங்கிய உறவுடைய ஆட்டம் 'ஆட்டியா பாட்டியா' என்ற பெயரில் இருக்கின்றது என்பது இன ஒப்புமை தேடுவோருக்குச் சுவையான செய்தியாகும்.

ஆங்கிலேயர் காலத்துப் பாடசாலை இவ்வாட்டத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. உள்ளே வந்தது 'டிரில்'. அதன் மூலம் சுவீடன் தேசத்துப் பேர் ஹென்றிக் லிங் 1813இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சி நிலையம். அங்கிருந்து பிரித்தானியா சென்று, பாடத்திட்டமாக உருமாறி, குடியேற்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. வரிசையாக நிற்றல், கட்டளைக்குக் கையுயர்த்தல், காலடி மாற்றல். ஒழுங்கைக் கற்பிக்க அது உதவியிருக்கலாம். எதிராளி என்று ஒருவர் இல்லாத பயிற்சி அது. ஆசிரியர் சொன்னதைச் செய்வதே அதன் முழுமை. இக்குணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தரையேணியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் இது தலைகாட்டும்.

இந்தத் துணைக்கண்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழிலை முறைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவர். சுதேச ஆட்டங்களையும் விதி வகுத்து ஆடத்தக்கவை என்று அக்காலத்திலேயே மதித்தவர்களில் அவரும் ஒருவர். மேற்கிந்தியாவில் அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாம பிரசாரக் மண்டலம் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது சடுகுடுவை அங்கே ஆடிக் காட்டியது. அதே சடுகுடு, கபடி என்ற பெயரில் ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கத்துக்குரிய போட்டியாக 1990இல் பெய்ஜிங்கில்தான் இடம்பெற்றது. கிளித்தட்டுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

கிழக்கிலங்கையிலே காலசைவின் நுட்பத்தை முறையாகக் கற்பித்தவர்கள் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் மெய்வல்லுநர் பயிற்சியாளர்கள் அல்லர். கூடைப்பந்து கற்பித்த பாதிரிமார். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிக்கு வந்தனர். அவர்களுள் ஹரோல்ட் வெபர் அடிகள் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் விளையாட்டை வளர்த்தெடுத்தார். மட்டக்களப்பு நகரின் வெபர் அரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கல்முனையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ள அந்த மைதானம், இக்கரையோரத்து இளைஞர் பலருக்குத் தம் ஊருக்கு அப்பால் ஓடிப் பார்த்த முதல் மைதானம். மற்றொருவர் யூஜின் ஹேபெயர் அடிகள். லூசியானாவில் பிறந்தவர், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்.

கூடைப்பந்து 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம். அதன் அடிப்படைப் பாடம் காலசைவு. ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றுதல், பக்கவாட்டில் நழுவி மறித்தல், பாய்ந்து நின்று மீண்டும் பாய்தல். கிளித்தட்டிலே குறுக்குக்கோட்டில் நின்று மறித்த பிள்ளைக்கு, கூடைப்பந்தின் தற்காப்பு நிலை அந்நியமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அவ்விளையாட்டு அத்துணை விரைவாக வேர்கொண்டதற்குப் பாதிரிமாரின் உழைப்போடு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆதாரம் காட்டி நிறுவக்கூடிய கருத்தன்று. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர் எவரும் எளிதில் மறுக்க மாட்டார்.

அந்த வேர் அறுந்த ஆண்டு 1990. ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. கல்முனைப் பகுதியில் தமிழர், முஸ்லிம்கள் என்ற இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை நிகழ்ந்தது. ஆகஸ்ட் 15ஆம் திகதி ஹேபெயர் அடிகள், பேட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞருடன் ஸ்கூட்டரில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் சென்று சேரவில்லை. இன்றுவரை அவர்களைப் பற்றிய தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

விளையாட்டின் வரலாற்றிலே இதை ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர் இருக்கலாம். இளம்பிள்ளைக்கு வேகம் கற்பிப்பது ஆண்டுக்கணக்கான வேலை. பத்து வயதிலே தொடங்கி இருபது வயதுவரை ஒரே மைதானத்தில், ஒருவரையொருவர் அறிந்த ஆசிரியர்களின் கையில் அது தொடர வேண்டும். 1990இல் பத்து வயதிலிருந்த கல்முனைப் பிள்ளைக்கு அந்தப் பத்தாண்டு கிடைக்கவில்லை. மாலையானதும் வீட்டுக்குள் அடைபட்ட ஊரில் நிலாக்காலக் கிளித்தட்டுக்கு இடமேது? அடுத்த ஊர் மைதானத்துக்குச் செல்வதற்குச் சோதனைச்சாவடியும் அச்சமும் குறுக்கே நின்றன. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஓடிய போட்டிகள் அருகின. பின்னர், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரையான கடற்கரைக் குடியிருப்புகளைத் தின்றுவிட்டது. மணல் முற்றங்களோடு அவற்றில் ஆடிய பிள்ளைகளும் போயினர்.

நமது பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்த அக்காலத்தில் தென்னிலங்கை வேகமாக ஓடக் கற்றுக்கொண்டிருந்தது. 1991இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவை ஒட்டிச் சுகததாச அரங்கிற்குச் செயற்கை ஓடுபாதை வந்தது. 1997இல் ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் வெள்ளி வென்றார். 1998இல் பேங்கொக் ஆசிய விழாவில் தமயந்தி தர்ஷா 200, 400 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகாவுக்கு 200 மீற்றரில் வெண்கலம். ஓடிய நேரம் 22.28 செக்கன். அவருக்கு முன்னே பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்சன் 22.27. முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உண்டதை ஒப்புக்கொண்ட பின்னர், 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. செக்கனின் நூறில் ஒரு பங்கு ஒலிம்பிக் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே நின்றது.

1948இல் டங்கன் வைட் இலண்டனில் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளி வென்றதும், 1958இல் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் டோக்கியோ ஆசிய விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றதும் வாசகர் அறிந்தவை. அவற்றை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை.

இனி உலகத்தார் வேகத்தைப் பற்றி என்ன கண்டறிந்தார்கள் என்று பார்ப்போம். நமது மைதானங்களில் இன்று நடப்பவற்றின் வேர்கள் பலவும் அங்கே உள்ளன.

1960களில் சோவியத் நாட்டின் யூரி வெர்க்கொஷான்ஸ்கி, மேடையிலிருந்து குதித்துத் தரையைத் தொட்ட மறுகணமே மேலெழும் பயிற்சியை முறைப்படுத்தினார். 'அதிர்ச்சி முறை' என்று அதற்குப் பெயரிட்டார். அமெரிக்க ஓட்டவீரர் பிரெட் வில்ட் 1975இல் அதற்கு 'பிளையோமெட்ரிக்ஸ்' என்ற பெயரை வழங்கினார். அது முதிர்ந்த, பல ஆண்டு வலுப்பயிற்சி பெற்ற வீரருக்காக உருவானது. இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சீமெந்துத் திண்ணையிலிருந்து குதிக்கச் சொல்லும் காட்சியை வெர்க்கொஷான்ஸ்கி கண்டிருந்தால் தலையில் கைவைத்திருப்பார்.

போலந்தின் ஜெரார்ட் மாக் என்பவர் முழங்காலை உயர்த்தி நடத்தல், துள்ளல், காலை முன்வீசி இழுத்தல் ஆகியவற்றை ஏ, பி, சி என்று பெயரிட்டு வகுத்தார். பின்னர் கனடா சென்று பணியாற்றினார். ஓட்டத்துக்குரிய தசைகளைத் தயார்படுத்துவதே அவருடைய நோக்கம். நம் நாட்டுப் பாடசாலைகளில் அவருடைய பெயர் தெரியாமலே அப்பயிற்சிகள் தினமும் நடைபெறுகின்றன. முழங்காலை உயர உயரத் தூக்கினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையும் உடன் வந்து ஒட்டிக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் பீட்டர் வெயண்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வேகமாக ஓடுபவர் கால்களைக் காற்றில் விரைந்து வீசுவதால் முந்துவதில்லை. பாதம் நிலத்தைத் தொடும் அந்தச் சிறு பொழுதில் நிலத்தை அதிக விசையோடு அழுத்துவதால் முந்துகிறார். உயர்தர வீரருக்கு அந்தப் பொழுது ஏறக்குறைய செக்கனின் பத்தில் ஒரு பங்கு.

மணலுக்கு வருவோம். அவுஸ்திரேலியாவின் பேர்சி செருட்டி, போர்ட்ஸீ கடற்கரையின் மணற்குன்றுகளில் தம் மாணவரை ஏறியிறங்கச் செய்தார். அவருடைய மாணவர் ஹேர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை 3 நிமிடம் 35.6 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையில் ஓடுவதைப் போல 1.6 மடங்கு சக்தி செலவாகின்றது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கல்முனைக் கரையின் பிள்ளை இதைக் கூலியின்றிச் செய்து வளர்ந்தது. காலுக்கும் மூச்சுக்கும் அது நல்லது. மூட்டில் விழும் அடியும் குறைவு. ஆயினும் மணலிலே பாதம் புதைவதால் நிலத்தைத் தொடும் நேரம் நீளும். ஆகவே உச்ச வேகத்தை மணலில் மட்டும் பழகிப் பெறமுடியாது. இக்கரையோரப் பிள்ளைகள் தாங்குதிறனிலும் கால்வலுவிலும் சிறந்து, 100 மீற்றரின் கடைசி 40 மீற்றரில் தென்னிலங்கைப் பிள்ளைகளிடம் பின்தங்குவதைக் கண்டவர்களுக்கு இதில் ஒரு விடை இருக்கின்றது. இறுகிய தரை கொண்ட, மழைக்கும் தாங்கும் ஓடுபாதை கிட்டாத குறையைப் பயிற்சியாளரின் தலையில் போடுவது நியாயமன்று. இத்தனை குறைக்கும் இடையில் பொத்துவிலைச் சேர்ந்த மொஹமட் அஷ்ரப், 2016இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விழாவில் 4×100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற இலங்கை அணியில் ஓடினார். அம்பாறைக் கரையிலிருந்து அவ்வளவு தூரம் சென்ற கால்களும் உண்டு.

இப்போது அந்தத் தரையேணி.

லாவகம் என்றால் என்ன என்பதை விளையாட்டு விஞ்ஞானிகள் நீண்டகாலம் சரிவரச் சொல்லவில்லை. கூம்புகளைச் சுற்றி விரைந்து ஓடினால் அது லாவகம் என்றே கொண்டனர். 2006இல் ஜெரமி ஷெப்பர்டு, வொரன் யங் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை அதைத் திருத்தியது. புறத்தூண்டல் ஒன்றுக்கு ஏற்ப முழு உடலும் விரைவாக வேகத்தையோ திசையையோ மாற்றுவதே லாவகம் என்று அவர்கள் வரையறுத்தனர். தூண்டல் என்பது எதிராளியின் அசைவு, பந்தின் போக்கு போன்றது. எப்போது, எங்கே திரும்புவது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது திசைமாற்றம் மட்டுமே, லாவகமன்று.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தரையேணியின் கட்டங்கள் அசைவதில்லை, ஏமாற்றுவதில்லை. பிள்ளை தலைகுனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்த காலடிகளை ஒப்புவிக்கின்றது. உடலைச் சூடாக்கவும், காலும் கண்ணும் இசைவதற்கும் அது ஓரளவு உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது வீண். ஆங்கிலேயர் காலத்து டிரில், வண்ணத் துணி உடுத்திக்கொண்டு மீண்டும் வந்திருக்கின்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2006இன் வரையறைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் பயிற்சி எது என்று தேடினால், கிளித்தட்டைக் காட்டிலும் பொருத்தமானது எளிதில் அகப்படாது. ஏணிக்குக் காசு செலவழித்த பாடசாலையில் கிளித்தட்டுக்கு நேரசூசியில் இடம் இல்லை என்பதுதான் வேடிக்கை.

இதற்குச் சான்று தேட வெளிநாடு செல்லத் தேவையில்லை, நிந்தவூர் போதும். கல்முனையிலிருந்து தெற்கே, காரைதீவுக்கு அடுத்த ஊர். கபடியைப் பொழுதுபோக்காக விட்டுவிடாமல் பாடசாலையிலும் கழகத்திலும் தொடர்ச்சியாகப் பயிற்றிய ஊர் அது. இலங்கைத் தேசிய அணியில் ஆடிய அஸ்லம் சஜா அவ்வூரவர். கபடியிலே பாடிச் செல்பவரும் மறிப்பவரும் செய்வது கிளித்தட்டின் தொழிலையே. சற்றேறக்குறைய அதே மணல், அதே வெயில், அதே சாப்பாடு. நற்பிட்டிமுனைப் பிள்ளைக்கும் நிந்தவூர்ப் பிள்ளைக்கும் உடம்பிலே வேறுபாடில்லை. வேறுபட்டது ஆண்டுதோறும் விடாமல் நடந்த வேலை.

நம்முடைய பாடசாலை விளையாட்டின் பெருநோய் அவசரம். இல்ல விளையாட்டுப் போட்டி வழக்கமாக முதலாம் தவணையில் வரும். அதற்கு மூன்று வாரத்துக்கு முன் மைதானத்தில் வெள்ளைக்கோடு கீறப்படும். ஓராண்டு முழுவதும் வாங்கில் இருந்த பிள்ளை, திடீரெனத் தினமும் இரு வேளை முழுவேகத்தில் ஓடவேண்டும். தொடையின் பின்தசை பிடித்துக்கொள்வதும், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் அப்போதுதான். இந்த முழங்கால் நோவை 1903இல் பாஸ்டனில் ஒஸ்குட் என்பவரும் சூரிச்சில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே விவரித்தனர். விரைந்து வளரும் வயதில், ஓட்டமும் பாய்ச்சலும் அளவு மீறும்போது வருவது. பெண்பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்பிள்ளைகள் பதினான்கு வயதளவிலும் மிக விரைவாக உயர்கின்றனர். எலும்பு நீண்டு, தசை அதைத் தொடர்ந்து பிடிக்காத அம்மாதங்களில், முந்தின ஆண்டு மானைப்போல ஓடிய பிள்ளை தன் காலில் தானே இடறும். 'இவனுக்கு மனம் இல்லை' என்று ஆசிரியர் ஒதுக்குவதும் பிள்ளை மைதானத்தை விட்டு விலகுவதும் அவ்வேளையிலேயே நிகழ்கின்றன. சில மாதம் ஓட்டத்தைக் குறைத்து, விளையாட்டைக் கூட்டிக் காத்திருந்தால் கால் திரும்பிவரும்.

வயதுப் பிரிவும் ஒரு வலை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஓட்டத்தில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே கோட்டில் நிற்கின்றனர். அவ்வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி. கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி அணிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே பெரும்பான்மை என்பதை 1985இல் ரொஜர் பார்ன்ஸ்லி எடுத்துக்காட்டினார். முன்னதாகப் பிறந்து முன்னதாக உயர்ந்த பிள்ளைக்குக் கிண்ணமும் பயிற்சியும் கிடைக்கின்றன. பின்னால் வளரவேண்டிய பிள்ளை, தன் கால்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதை அறியாமலே பார்வையாளர் பக்கம் போய்விடுகின்றது.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் கடுமையானது. முஸ்லிம் ஊர்களில் பதின்மூன்று, பதினான்கு வயதோடு பெண்பிள்ளையின் ஓட்டம் நின்றுவிடுவது நெடுநாள் வழக்கம். தமிழ் ஊர்களில் மட்டும் பெரிதாக வேறுபட்டதா என்றால் அதுவும் இல்லை. உடையைக் காரணம் சொல்வோர் 2006 தோஹா ஆசிய விழாவை நினைவுகூரலாம். 200 மீற்றர் இறுதியோட்டத்தில் பஹ்ரேனின் ருகையா அல்-கஸ்ரா தலையை மறைத்த உடையுடன் ஓடித் தங்கம் வென்றார். அதே ஓட்டத்தில் வெண்கலம் பெற்றவர் நமது சுசந்திகா. உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இலும் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இலும் தலைமறைப்புக்கு இடமளித்துவிட்டன. உலக விதி வழிவிட்ட பின்னும் வழிவிடாதவை மைதானத்தின் மதிலின்மையும், பெண் பயிற்சியாளர் இன்மையும், மாலை நேரத்துப் போக்குவரத்தும். இவை மார்க்கத்தின் தடைகள் அல்ல; மாநகர சபையும் கல்வி வலயமும் தீர்க்கக்கூடிய காரியங்கள்.

கிராமத்துப் பாடசாலை ஒன்றால் என்ன செய்யமுடியும் என்று கேட்போருக்குக் கண்டி மாவட்டத்து வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி இருக்கின்றது. தலைநகரின் பெரிய கல்லூரியன்று. அங்கே சுசந்த பெர்னாண்டோவின் பயிற்சியில் வளர்ந்த தருஷி கருணாரத்ன, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். 2002க்குப் பின்னர் ஆசிய விழாவின் மெய்வல்லுநர் போட்டியில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. அதற்கு முந்தின ஆண்டு யுபுன் அபேகோன் சுவிட்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர் ஆனார். யுபுனுக்கு இத்தாலியில் பயிற்சி கிடைத்தது. தருஷிக்குக் கிடைத்தது ஊர்ப் பாடசாலையில் ஒரு பயிற்சியாளர். நற்பிட்டிமுனைக்கு எட்டக்கூடியது இரண்டாவது வழி.

சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனமே சிறுவர்களைத் தனித்தனியாக 100 மீற்றரில் மோதவிடுவது உசிதமன்று என்று கண்டு, 2000களின் முற்பகுதியில் ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரைக்கான அணிப் போட்டிகளை வகுத்தது. ஆணும் பெண்ணும் கலந்த அணிகள். ஓடுதல், தாண்டுதல், எறிதல் எல்லாவற்றுக்கும் சேர்த்தே புள்ளி. அதிலே தரையேணி ஓட்டமும் ஒரு சிறு பகுதி. ஒரு பகுதி மட்டுமே. அத்திட்டத்தை நமது ஊருக்கேற்ப மாற்றி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கிளித்தட்டையும் கபடியையும் சேர்த்துக்கொள்வதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தடையாக இருக்க நியாயமில்லை. கிளித்தட்டுக்கு ஆள் வேண்டும். இரு அணிக்குமாகப் பத்துப் பன்னிரண்டு பேராவது சேரவேண்டும். நற்பிட்டிமுனையின் இரண்டு பாடசாலைகளுக்கும் இடையிலான தூரம் பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரம். சுண்ணாம்புக் கோடு ஒருமுறை கீறினால் மழை வரும்வரை அழியாது; முதலாம் தவணையில் வயல் அறுவடை முடிந்து மழை ஓய்ந்திருக்கும்.